எஞ்சினை இறக்குவது: வண்டலூர் முதல் ஒரகடம் வரை ஒரு குட்டி வரலாறு

போன தடவை சினிமா, அதுக்கு முன்னாடி கணக்கு. இந்தத் தடவை கொஞ்சம் கிரீஸ் கறை படியற விஷயம்.

நம்ம ஊர் மெக்கானிக் ஷெட்டுல அடிக்கடி காதில் விழும் வார்த்தை ஒன்று உண்டு. "எஞ்சின இறக்கணும் சார்." "கியர்பாக்ஸ் இறக்கினாத்தான் தெரியும்." இதைக் கேட்டவுடன் கார் சொந்தக்காரர் முகம் சுருங்கிவிடும், ஏனென்றால் செலவு பெரிசு. எனக்கு அந்த 'இறக்கணும்' என்ற சொல்தான் விநோதமாகப் பட்டது. பழைய கார்களில் எஞ்சினைச் சங்கிலி போட்டு மேலேதானே தூக்குவார்கள்? பிறகு ஏன் இறக்குவது என்கிறோம்? லாரியிலிருந்து மூட்டை இறக்குவது மாதிரி, வண்டியை விட்டு வெளியே எடுத்தால் அது இறக்குவதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்றைய கார்கள் பலவற்றில் அது நிஜமாகவே கீழ்வழியாகத்தான் இறங்குகிறது!

மேலே தூக்கியது எப்போது கீழே இறங்க ஆரம்பித்தது? வீட்டு வாசலில் நடந்த வேலை எப்போது சர்வீஸ் சென்டருக்குப் போனது? இந்தக் கதையின் பாதி, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் ஒரே சாலையை ஒட்டி நடந்திருக்கிறது. அந்தச் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம். அங்கிருந்து வலப்பக்கம் திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர்.

ஏன் இறக்க வேண்டும்?

தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. அது தேய்ந்தால் இரண்டையும் பிரித்துத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. இன்னொரு காரணம் எஞ்சின் சிலிண்டர் தேய்வது. புகை கக்கும், ஆயில் குடிக்கும், இழுவை போய்விடும். அப்போது எஞ்சினை வெளியே எடுத்து லேத்துக்குக் கொண்டுபோய்ச் சிலிண்டரைக் கடைந்து (அதுதான் 'ரீபோர்'), கொஞ்சம் பெரிய சைஸ் பிஸ்டன் போடுவார்கள். மறுபடி தேய்ந்தால் மறுபடி கடைவார்கள். கடைய இடமில்லாமல் போனால் ஸ்லீவ் போட்டு முதல் சைஸுக்கே கொண்டுவந்துவிடுவார்கள்.

இப்படி ஒரே எஞ்சினை மூன்று நான்கு முறை பிழைக்க வைத்ததற்குக் காரணம் அன்றைய நிலைமை. சுதந்திரத்துக்கு முன்னால் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகள் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே கோர்த்து விற்றன. 1953-ல் கட்டண ஆணையம் (டாரிஃப் கமிஷன்) ஒரு பரிந்துரை செய்தது: இங்கேயே படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் இல்லாதவர்கள் வெளியேற வேண்டும். அந்த இரண்டு கம்பெனிகளும் 1950களின் நடுவில் கடையைக் கட்டின. மிஞ்சியவை மூன்று கார் கம்பெனிகள்: கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம்ம சென்னையில் ஸ்டாண்டர்ட். புது காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் இருக்கும் காரை எப்படியாவது ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

அதற்குத் தோதாக உதிரி பாகத் தொழிலும் சென்னையில் வளர்ந்தது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லேயே தொடங்கிவிட்டது. பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகள் 1960களில் வந்தன. பழைய பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை. பிஸ்டன், வால்வு, பிரேக், வயரிங் எல்லாம் ஒரே ஊரில் கிடைத்தால் எஞ்சினைப் பிரிக்கத் தைரியம் தானாக வரும்.

வண்டலூரின் ஹெரால்டு

ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் தொடங்கப்பட்டது. ஆலை வண்டலூர் பக்கம், ஜி.எஸ்.டி. சாலையில். முதலில் வேன்கார்டு, பிறகு எய்ட், டென், பென்னன்ட். 1961-ல் வந்ததுதான் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் வெளியான டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய உருவம் அது. 948 சி.சி. எஞ்சின், வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கலோட்டி.

இந்தக் காரைப் பிரிப்பது ஏன் சுலபம் என்பதற்குப் பின்னால் ஒரு கம்பெனிச் சண்டைக் கதை இருக்கிறது. அந்தக் காலத்தில் உலகத்தில் பல கார்கள் தனிச் சேசிஸ் இல்லாமல், உடம்பே சேசிஸாக இருக்கும்படி ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம். 1953-ல் அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூடு செய்து தர ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் வைத்து, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தார்கள். பெட்டியில் பாகமாக அனுப்பி வெளிநாடுகளில் கோர்ப்பதற்கும் அது வசதியாக இருந்தது.

அங்கே நெருக்கடியில் எடுத்த முடிவு, இங்கே சென்னை வீட்டு வாசலில் வரமாக வந்து விழுந்தது. ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாக அப்படியே கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் மூன்று பக்கமும் வெட்டவெளியில் நிற்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம், குனியவே வேண்டாம்.

கியர்பாக்ஸ் இறக்குவது இன்னும் வேடிக்கை. அதைக் காருக்கு உள்ளே இருந்து எடுக்கலாம்! சுருக்கமாகச் சொன்னால் இப்படி:

1. பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். (எந்தக் காராக இருந்தாலும் முதல் வேலை இதுதான்.)
2. முன் சீட்டுகளை வெளியே எடுத்துவிட்டு, நடுவில் திண்டு மாதிரி இருக்கும் கியர்பாக்ஸ் மூடியைக் கழற்ற வேண்டும்.
3. பின் சக்கரத்துக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டின் போல்ட்டுகள், ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச் சிலிண்டர், ஸ்பீடாமீட்டர் கேபிள் ஆகியவற்றைப் பிரிக்க வேண்டும்.
4. எஞ்சின் சரியாமல் இருக்க அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுக்க வேண்டும்.
5. பெல் ஹவுசிங் போல்ட்டுகளைக் கழற்றி, கியர்பாக்ஸை நேராகப் பின்னால் இழுத்து, கதவு வழியாக வெளியே தூக்கிவிடலாம்.

வண்டிக்கு அடியில் குழி வேண்டாம், லிஃப்ட் வேண்டாம். கிளட்ச் பிளேட் கையில் வந்துவிடும்.

ஹெரால்டுக்கு நாலு கதவு வைத்தது உலகத்திலேயே நம் நாட்டில் மட்டும்தான். அதன் தொடர்ச்சியாக 1972-ல் கெஸல் வந்தது, சில ஆண்டுகளில் அதுவும் நின்றது. 1985-ல் ரோவர் காரின் உடம்பில் பழைய எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு சொகுசுக் கார் விட்டார்கள். விலை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். 1988-ல் ஆலை மூடப்பட்டது.

அம்பாசிடரும் வேப்பமரமும்

அம்பாசிடர் 1958 முதல் 2014 வரை உத்தர்பாராவில் தயாரானது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 தான் அதன் மூலம். இதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே கூடு. ஆனால் எஞ்சின் நீளவாக்கில் இருக்கும், சுற்றிலும் தாராளமாக இடம் இருக்கும்.

பானெட்டைக் கழற்று. தண்ணீரையும் ஆயிலையும் வடித்துவிடு. ரேடியேட்டரை வெளியே எடு. கார்புரேட்டர், சைலன்சர் பைப், வயர்கள், கியர் ராடுகள், புரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் பிரி. மவுண்டிங் போல்ட்டுகளை விடு. மூன்று இரும்புக் குழாயை முக்காலியாக நிறுத்தி அதில் செயின் பிளாக்கைத் தொங்கவிடு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே, முன்பக்கம் மேலும் பின்பக்கம் கீழுமாகச் சாய்ந்து, தண்ணீரிலிருந்து முதலை தலை தூக்குவது மாதிரி வெளியே வரும். பிறகு காரைப் பின்னால் தள்ளிவிட்டு எஞ்சினைப் பலகையில் இறக்க வேண்டும். ஆமாம், இங்கேதான் நிஜமான 'இறக்குவது'!

கிராமத்துப் பக்கம் போர்வெல் மோட்டாரை வெளியே எடுக்கவும் இதே முக்காலி, இதே சங்கிலிதான். ஆகவே கார் பிரித்துப் பழக்கம் இல்லாதவனுக்கும் பாரம் தூக்கிப் பழக்கம் இருந்தது. முக்காலி இல்லாத இடத்தில் வேப்பமரக் கிளை. கிளை முறிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, கட்டை கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம். இந்த இரண்டும் இன்றைக்கும் மாறவில்லை.

இங்கே ஒரு சட்ட விஷயம். 1980 வாக்கில் டீசல் அம்பாசிடர் வந்த பிறகு, பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைப்பது டாக்ஸிக்காரர்களிடம் சகஜமானது. எஞ்சின் நம்பர் ஆர்.சி. புக்கில் இருக்கிறது. எனவே எஞ்சினை இறக்கி அதையே திரும்ப ஏற்றினால் யாரும் கேட்கப் போவதில்லை. வேறு எஞ்சின் வைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி பதிவு அலுவலகத்தின் வழியாகத்தான் செய்ய வேண்டும்.

மாருதி குறுக்கே திரும்பியது

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். இந்தியச் சாலைகளில் பெருவாரியாக ஓடிய முதல் முன்சக்கர இழுவைக் கார் இது. எஞ்சின் நீளவாக்கில் இல்லாமல் குறுக்கே படுத்திருக்கும். கியர்பாக்ஸ் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், டிஃபரன்ஷியலும் அதே பெட்டிக்குள். பின்னால் ஓடும் புரொபெல்லர் ஷாஃப்ட் கிடையாது. அதற்குப் பதில் இரண்டு முன்சக்கரத்துக்கும் தனித்தனி டிரைவ் ஷாஃப்ட்.

காருக்குள் இடம் மிச்சமானது, எடையும் குறைந்தது. ஆனால் கழற்றுகிறவனுக்குக் கணக்கு மாறிவிட்டது. கியர் ஆயிலை வடிக்காமல் டிரைவ் ஷாஃப்டை உருவினால் ஆயில் தரையெல்லாம் ஓடும். அதை உருவ, சக்கரப் பக்கத்து சஸ்பென்ஷனைப் பிரிக்க வேண்டும். அம்பாசிடரில் கால் வைத்து நிற்கும் அளவு இருந்த இடம், இதில் கை நுழைய மட்டும்தான். ஆனாலும் எஞ்சின் சிறியது, கார்புரேட்டர்தான், நம்ம மெக்கானிக்குகள் சீக்கிரமே பழகிவிட்டார்கள். எஞ்சினை மேலே சங்கிலியில் தாங்கிக்கொண்டு கியர்பாக்ஸை மட்டும் கீழ்வழியாக எடுக்கும் பழக்கம் வந்தது. கீழ்வழி திறந்துவிட்டது!

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கல்யாணம்

1996 மே மாதம் ஹூண்டாய் மோட்டார் இந்தியா தொடங்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை. துறைமுகம் கிட்டத்தில், உதிரி பாக ஆலைகள் ஏற்கெனவே ஊருக்குள். 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வெளியானது. வண்டலூர் ஆலை மூடி சரியாகப் பத்து வருஷம்.

இப்படிப்பட்ட ஆலைகளில் எஞ்சின் காருக்குள் போகும் விதம் பார்க்கவே அதிசயமாக இருக்கும். பாடி மேலே கன்வேயரில் தொங்கிக்கொண்டு வரும். கீழே ஒரு தாங்கியில் எஞ்சின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன் எல்லாம் முன்பே இணைத்து ஒரே கட்டாக வரும். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும். கீழே இருப்பது மேலே எழும்பும். போல்ட் முடுக்குவார்கள். முடிந்தது. கார் தொழிலில் உலகம் முழுக்க இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கல்யாணம்'. ஜெர்மன்காரர்களும் தங்கள் மொழியில் அதையேதான் சொல்கிறார்கள்.

எவ்வளவு வேகம் தெரியுமா? ஹூண்டாயின் இந்த வளாகத்துக்கு ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேல் கார் செய்யும் திறன் உண்டு. ஒரு ஆண்டுக்கு மொத்தமே 5,25,600 நிமிடங்கள்தான். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கீழ்வழியாக ஏறிய எஞ்சின் வசதியாக வெளியே வருவதும் கீழ்வழியாகத்தான். சர்வீஸ் சென்டரில் இரண்டு தூண் லிஃப்ட் இருக்கிறது, காரைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டுக் கட்டை அப்படியே இறக்குவார்கள். வீட்டில் என்ன செய்வது? எஞ்சினை ஒரு பலகை மேல் இறக்கிவிட்டு, காரின் முன்பக்கத்தைச் சங்கிலி போட்டுத் தூக்கி, பலகையை வெளியே இழுக்க வேண்டும். முன்பு எஞ்சினைத் தூக்கினார்கள், இப்போது காரைத் தூக்க வேண்டியிருக்கிறது.

அதோடு போகவில்லை. சான்ட்ரோவில் கார்புரேட்டர் கிடையாது, எம்.பி.எஃப்.ஐ. 2000-ல் நாடு முழுக்கப் புகைக் கட்டுப்பாடு (யூரோ 1-க்கு இணையானது) வந்தபோது மற்றவர்களும் அந்தப் பக்கம் போனார்கள். பெட்ரோல் குழாயில் எஞ்சினை அணைத்த பிறகும் அழுத்தம் நிற்கும். அதை விடாமல் குழாயைக் கழற்றினால் முகத்தில் பீச்சும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. ஏ.சி. கம்ப்ரஸரைக் குழாயைத் திறக்காமல் ஓரமாகக் கட்டிவைக்க வேண்டும். எல்லாம் சரியாகப் பூட்டிய பிறகும் ஒரு சென்சார் வயர் விட்டுப்போனால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். அது என்ன சொல்கிறது என்று படிக்க ஸ்கேனர் வேண்டும்.

காற்று சுத்தமானது, எஞ்சினும் முன்னைவிட அதிக நாள் உழைக்கிறது. ரீபோர் என்ற சொல்லையே கேள்விப்படாத கார் சொந்தக்காரர்கள் இன்று ஏராளம். அதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் 'அந்தக் காலம் பொற்காலம்' என்று புலம்பும் பதிவாகிவிடும்!

ஸ்கேனர் யாரிடம்?

இங்கேதான் விவகாரம் ஆரம்பிக்கிறது. ஸ்பானரை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம். கம்பெனியின் பழுது கண்டறியும் கருவியும் அசல் பாகமும் கம்பெனி டீலருக்கு மட்டும்தான் என்றால், வெளி மெக்கானிக் என்ன செய்வார்?

இந்தியப் போட்டி ஆணையம் இதை விசாரித்தது. 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்கள் மீது மொத்தம் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடவில்லை என்பது குற்றச்சாட்டு. அந்தப் பட்டியலில் மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு, மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆலை உள்ள பி.எம்.டபிள்யூ., ஒரகடத்தில் 2010-ல் ரெனோவுடன் சேர்ந்து ஆலை திறந்த நிசான் ஆகியவையும் இருந்தன. 2015-ல் ஹூண்டாய்க்குத் தனியாக ரூ.420 கோடி அபராதம் வந்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில நிறுவனங்களின் தவறை உறுதி செய்து அபராதத்தை மட்டும் குறைத்தது. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு இணையதளம் தொடங்கியது. பேச்சு இன்னும் ஓயவில்லை.

இதில் நம் பக்கத்து ஆட்களுக்கு என்ன என்று கேட்கலாம். இந்த ஆலைகளின் வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் சாலையோரத்தில் தகரக் கொட்டகை, இரண்டு ஜாக்கி, ஒரு செயின் பிளாக்கோடு மெக்கானிக் கடைகள் இருக்கும். ஆலைக்குள் லைனில் நிற்கும் பையன் ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான கார்களுக்கு ஒரே நாலு போல்ட்டை முடுக்குகிறான். கொட்டகையில் இருக்கும் அண்ணன் மாதத்துக்குச் சில எஞ்சின்தான் இறக்குவார், ஆனால் முதல் போல்ட் முதல் கடைசி போல்ட் வரை அவருக்கு அத்துப்படி. முழு எஞ்சினையும் அறிந்தவர் கொட்டகையில்தான் இருக்கிறார். கருவியும் தகவலும் அவருக்குக் கிடைக்காவிட்டால் அவர் பிழைப்போடு சேர்ந்து அந்த அறிவும் போய்விடும்.

பிரிப்பதும் படிப்புதான்

கோவையின் ஜி.டி. நாயுடு இளமையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அப்படி ஒன்றை வாங்கி, முதல் வேலையாக அதைப் பிரித்துப் பார்த்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். 1920-ல் பொள்ளாச்சி–பழனி பஸ் விட்டவர், 1937-ல் மின் மோட்டார் தயாரிப்பில் இறங்கியவர், தொடங்கியது அந்தப் பிரித்தலில்தான்.

இதைக் கம்பெனிகளும் ஒப்புக்கொள்கின்றன. 2018-ல் பி.எம்.டபிள்யூ. நாட்டிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு 365 எஞ்சின், கியர்பாக்ஸ்களை மாணவர்கள் பிரித்துக் கோர்த்துப் பழக இலவசமாகத் தருவதாக அறிவித்தது. சென்னை ஆலையில் சச்சின் டெண்டுல்கர் மாணவர்களோடு சேர்ந்து அதைத் தொடங்கிவைத்தார். ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையத்தில் (ஜி.ஏ.ஆர்.சி.) ஆயுள் முடிந்த வண்டிகளை முறையாகப் பிரித்துக் காட்ட ஒரு மாதிரிப் பிரிவே அமைத்தார்கள். முதலில் ஆயில், பெட்ரோல், கூலன்ட் எல்லாவற்றையும் பாத்திரத்தில் வடித்துவிட்டுத்தான் எஞ்சின் பக்கம் போக வேண்டும் என்பது அந்த முறையின் அடிப்படை. வீட்டில் பிரிப்பவர்கள் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் இருந்தாலே பாதிப் பாடம் படித்த மாதிரி.

அடுத்தது மின்சாரக் கார். 2019-லேயே கோனா எலெக்ட்ரிக் இருங்காட்டுக்கோட்டையில் கோர்க்கப்பட்டது. அதில் கிளட்ச் இல்லை, ரீபோர் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடும் ஆரஞ்சு வயர் இருக்கிறது. முறையாகப் பயிற்சி எடுக்காமல் அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. வேப்பமரமும் செயின் பிளாக்கும் அங்கே உதவாது. அந்தப் பயிற்சியைக் கொட்டகை மெக்கானிக்குகளுக்கும் யாராவது கொடுப்பார்களா என்பதுதான் இனி பார்க்க வேண்டியது. நம் பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.க்களும் மாலை நேரத்தில் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாலே நல்ல தொடக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஹெரால்டோ அம்பாசிடரோ வைத்திருந்தால், கியர்பாக்ஸை எப்படி எடுத்தார்கள், எதில் தொங்கவிட்டார்கள், திரும்பப் பூட்டும்போது எத்தனை போல்ட் மிச்சமானது என்று கேட்டு எழுதுங்கள். இந்த மாதிரி விஷயங்களைப் புத்தகத்தில் தேடினால் கிடைப்பதில்லை, கேட்டால்தான் கிடைக்கும்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.